பிள்ளையைக் கூடவே கூட்டிப் போவதா, பாட்டியிடம் விடுவதா?

சீனக் கிராமங்களிலிருந்து பெய்ஜிங், ஷாங்காய் என்று வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இரண்டே வழிதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கிராமம் நகரம் இரண்டையும் சேர்த்து, இடம்பெயர்ந்த பிள்ளைகள் சுமார் 7.1 கோடி, ஊரில் விடப்பட்டவர்கள் சுமார் 6.7 கோடி.

கூட்டிப் போனால் பிள்ளை அப்பா அம்மாவோடு சாப்பிடும், தூங்கும். எனக்கு அதுவே பெரிது. ஆனால் பள்ளிச் சேர்க்கை என்று வந்தால் ‘ஹுகோ’ குறுக்கே நிற்கும். 1958-இல் சட்டமான குடும்பப் பதிவு முறை அது; பள்ளி போன்ற உரிமைகளைப் பதிவு இருக்கும் ஊரோடு கட்டிப்போடுவது. குடியேறிய இடத்து அரசுப் பள்ளிகளே இவர்களைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2001-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பெய்ஜிங்கில் ஐந்து சான்று கேட்டார்கள்: தற்காலிகக் குடியிருப்பு அனுமதி, வேலைச் சான்று, வீட்டுச் சான்று, குடும்பப் பதிவேடு, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற கடிதம். தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் வேலைச் சான்றுக்கு எங்கே போவார்? அப்புறம் மிஞ்சுவது நகர ஓரத்துத் தனியார் பள்ளிகள். அவற்றிலும் 24-ஐ மூடச் சொல்லி 2011 கோடையில் உத்தரவு வந்தது.

ஊரில் விட்டால் சேர்க்கைத் தொல்லை இல்லை. கல்லூரி நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவு இருக்கும் மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்பதால் அது சின்ன லாபமில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டுப்பாடத்துக்கு எப்படி உதவுவார்? பல பிள்ளைகளுக்கு அம்மா முகம் பார்ப்பதே சீனப் புத்தாண்டுக்குத்தான்.

ஒன்பதாம் வகுப்பு வரை கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்கு மேல், அந்த நுழைவுத் தேர்வுக்காக, பதினைந்து வயதில் பிள்ளையைத் தனியாக ஊருக்கு அனுப்ப வேண்டியிருப்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.