கோஆக்சியல் கேபிளில் வரும் டிவி புரொஜெக்டரில் தெரிய: எந்த ட்யூனர், அதை எங்கே வைப்பது?

வீட்டுப் புரொஜெக்டரின் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ இருக்கும், யூஎஸ்பி இருக்கும், பழைய மாடலென்றால் விஜிஏவும் மஞ்சள் ஆர்சிஏ சாக்கெட்டும் இருக்கும். கோஆக்சியல் கேபிளைத் திருகும் இடம் மட்டும் அநேகமாக இருக்காது, ஏனென்றால் உள்ளே ட்யூனரே (கேபிளில் வரும் பல சேனல்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கும் பகுதி) கிடையாது. அந்த வேலையை வெளியே ஒரு கருவி செய்தாக வேண்டும். எது செய்வது, அது எங்கே உட்காருவது என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில், பணத்தை வீணாக்கும் இரண்டு பொருட்கள். ஒன்று, கோஆக்சியல் கேபிளின் திருகு முனையான எஃப் முனையை மஞ்சள் ஆர்சிஏ சாக்கெட்டில் செருக உதவும் சின்ன அடாப்டர். அது முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும். கேபிளில் ஏறத்தாழ 50 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை பல சேனல்கள் ஒன்றாக வருகின்றன. மஞ்சள் சாக்கெட்டோ பிரித்தெடுத்த ஒரே ஒரு வீடியோவை, சுமார் 6 மெகாஹெர்ட்ஸுக்குள் எதிர்பார்க்கிறது. திரையில் ‘சிக்னல் இல்லை’ என்றுதான் வரும். இன்னொன்று ஆர்எஃப் மாடுலேட்டர். அதிலும் எச்டிஎம்ஐயும் கோஆக்சியலும் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அது எச்டிஎம்ஐயை வாங்கிக் கோஆக்சியலில் அனுப்பும்; நமக்கு வேண்டியது நேர் எதிர்த் திசை.

வீட்டிலிருக்கும் டிவியையே ட்யூனராக வைத்து அதிலிருந்து புரொஜெக்டருக்கு எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். முடியாது. டிவியின் எச்டிஎம்ஐ சாக்கெட்டுகள் படத்தை உள்ளே வாங்க மட்டுமே. எச்டிஎம்ஐயிலேயே உள்ள ஏஆர்சி என்ற வசதி வழியாக வெளியே போவது ஒலி மட்டும்.

செட்-டாப் பாக்ஸ்

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரி. ஆனால் எந்தப் பாக்ஸ் என்பதைக் கேபிள் எங்கிருந்து வருகிறது என்பதே தீர்மானிக்கும். கூரை ஆன்டெனாவிலிருந்து வந்தால் உங்கள் நாட்டின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கேற்ற டிவிபி-டி2, ஏடிஎஸ்சி அல்லது ஐஎஸ்டிபி-டி பாக்ஸ். கேபிள் நிறுவனத்திலிருந்து வந்தால் பல நாடுகளில் டிவிபி-சி. டிஷ்ஷிலிருந்து வந்தால் டிவிபி-எஸ்2. முனை ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. டிஷ் கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் வரும். அதே கேபிள் வழியாக, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மேலே போகும். அதனால் ஆன்டெனாவுக்கான சாதாரண ஸ்ப்ளிட்டரை (ஒரு கேபிளை இரண்டாகவோ பலவாகவோ பிரிப்பது) டிஷ் கேபிளில் போடக்கூடாது. கட்டணச் சேனல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அந்த நிறுவனத்தின் பாக்ஸோ, அவர்கள் தரும் கார்டோ இல்லாமல் திறக்காது.

யூஎஸ்பி ட்யூனரும் கணினியும்

ஏற்கெனவே கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. பதிவு செய்வதும் எளிது. உங்கள் நாட்டு ஆன்டெனா ஒளிபரப்பு டிவிபி-டி2 என்றால், வாங்குமுன் அதற்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள். மலிவான பழைய யூஎஸ்பி ட்யூனர் ஸ்டிக்குகள் பல, முந்தைய முறையான டிவிபி-டியோடு நின்றுவிடும். தேடலில் சேனலே வராது. சேனலைப் பார்க்க மட்டும் வேண்டும், ரிமோட்டை எடுத்தால் மாற வேண்டும் என்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

நெட்வொர்க் ட்யூனர்

எச்டிஹோம்ரன் போன்ற கருவி கோஆக்சியல் கேபிள் வந்து சேரும் இடத்திலேயே இருந்துகொள்ளும். படம் வீட்டு நெட்வொர்க் வழியாகப் புரொஜெக்டரிலுள்ள ஆப்புக்குப் போகும். அறையின் மேற்கூரையில் மாட்டிய புரொஜெக்டருக்கு டிவி கேபிள் எதுவும் இழுக்க வேண்டாம் என்பது பெரிய வசதி. குறைகள் இரண்டு. ட்யூனரை ரூட்டரோடு ஈதர்நெட் கேபிளால் இணைத்தாலும், புரொஜெக்டர் நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால் படம் திக்கும். அடுத்தது, சில ஒளிபரப்புகளில் வரும் பழைய சுருக்க முறையான எம்பெக்-2 வீடியோவைச் சில ஆண்ட்ராய்டு புரொஜெக்டர்களின் சிப் சரியாகக் கையாளாது: ஒலி வரும், படம் துள்ளும். அப்படியானால் நல்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகுவதே தீர்வு.

பழைய விசிஆரின் ட்யூனர் அனலாக் மட்டுமே. டிஜிட்டல் சிக்னலுக்கு அது பயன்படாது.

பாக்ஸ் எங்கே?

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். பாக்ஸைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைத்தால் கோஆக்சியல் நீளும், எச்டிஎம்ஐ சுருங்கும். சிக்னலுக்கு இது பிரச்சினையே இல்லை: ஆர்ஜி-6 கேபிள் 15 மீட்டரில், 1000 மெகாஹெர்ட்ஸில்கூட சுமார் 3 டெசிபல்தான் இழக்கும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றே அதைவிடச் சற்று அதிகம், சுமார் 3.5 டெசிபல், விழுங்கிவிடும். தொல்லை வேறு இடத்தில். ரிமோட் பாக்ஸுக்கு எட்டாது, ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுவர இன்னொரு கேபிள் வேண்டும்.

அதனால் பாக்ஸை ஸ்பீக்கர் அருகே வைத்து, நீண்ட எச்டிஎம்ஐ கேபிளைக் கூரைக்கு இழுப்பதே எங்கள் தேர்வு. டிவி சிக்னல் எச்டிஎம்ஐக்குப் பெரிய சுமையல்ல: 1080பி 60க்கு விநாடிக்குச் சுமார் 4.5 கிகாபிட், 1080ஐக்கும் 720பிக்கும் அதில் பாதி. தடிமனான சாதாரண கேபிள் 10 மீட்டர் வரை பொதுவாகத் தாங்கும். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, அவ்வப்போது இருண்டு திரும்பினாலோ பாக்ஸின் வெளியீட்டை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். சரியானால் குறை கேபிளில்தான். அதற்கு மேல் நீளம் போனால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு; ‘சோர்ஸ்’ முனை பாக்ஸிலும் ‘டிஸ்ப்ளே’ முனை புரொஜெக்டரிலும் இருக்க வேண்டும். சுவருக்குள் இழுக்குமுன் இதைச் சரிபாருங்கள், திருப்பிப் போட்டால் படமே வராது.

பழைய புரொஜெக்டர்

எச்டிஎம்ஐயின் நகல் தடுப்பு முறையான எச்டிசிபி இல்லாத விஜிஏ, டிவிஐ மாடல்களில் பாக்ஸ் எச்டிஎம்ஐ வழியாகப் படம் தர மறுக்கலாம். அப்போது பாக்ஸின் ஏவி வெளியீட்டிலிருந்து மஞ்சள் சாக்கெட்டுக்கு வர வேண்டும். தெளிவு 576ஐ அல்லது 480ஐ அளவுக்கு இறங்கிவிடும். பல பாக்ஸ்களில் ஏவி வெளியீடு 3.5 மி.மீ. பின்னில் இருக்கும். அந்தப் பின்னின் இணைப்பு வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேபிள் பொருந்தாவிட்டால் படம் வராது, ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்ற இரைச்சல் கேட்கும். மூன்று ஆர்சிஏ முனைகளையும் ஒவ்வொன்றாக மஞ்சள் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். வரிசை மட்டும் மாறியிருந்தால் ஒன்றில் படம் வந்துவிடும்.

மாட்டும்போது

எஃப் முனையில் நடுக்கம்பி விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மி.மீ. நீள வேண்டும். பின்னல் கம்பியில் ஒரு இழை அதைத் தொட்டாலும் சிக்னல் போய்விடும். திருகிப் பொருத்தும் வகையைவிட அழுத்திப் பொருத்தும் வகை உறுதியானது. சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டால் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், ஆன்டெனா பக்கம் போடுங்கள். பலவீனமாகிவிட்ட பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

ஸ்பீக்கரில் ‘ஹம்’ கேட்டாலோ, ஏவி இணைப்பில் படத்தின் மேல் பட்டைகள் மெல்ல நகர்ந்தாலோ, கேபிளின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் மோதுகின்றன. கோஆக்சியலில் கால்வானிக் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சின்னக் கருவி) போட்டால் நிற்கும். டிஷ் கேபிளில் அதைப் போட்டால் எல்என்பிக்கு மின்சாரம் போகாது.

ஒலி முந்தி, உதடு பின்னால் அசைந்தால் ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் தாமதத்தைக் கூட்டுங்கள், அல்லது படத்தின் தாமதத்தைக் குறைக்கப் புரொஜெக்டரில் கேம் மோடைப் போடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் நேர்மாறாக ஒலி பிந்தும். அதை ஆம்ப்ளிஃபயரில் திருத்த வழியில்லை. கம்பி இணைப்புக்கு மாறுவதே மேல்.