பூனைக்குப் பல் தேய்த்துவிடுவது: சில வருடப் பழக்கத்தில் கண்டது

வீட்டுப் பூனைக்குப் பல் தேய்க்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். ஆனால் முதல் சில வாரங்களுக்கு பிரஷ்ஷைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

எங்கள் வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். பூனை நாட்டுப்பூனைதான், நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தோம். அவனுக்கு விர்பாக் நிறுவனம் விலங்குகளுக்கென்றே செய்யும் சி.இ.டி. பல் பேஸ்ட்டை, கோழிச் சுவையில் வாங்கிப் பயன்படுத்துகிறேன். பூனை நாக்குக்கு இனிப்புத் தெரியாது, கறி வாசனை கண்டால்தான் கிட்டே வரும். ஆரம்பத்தில் விரல் நுனியில் துளி வைத்து நக்கக் கொடுத்ததோடு சரி. அவனாகவே தேடி வரத் தொடங்கிய பிறகு, அதே விரலால் உதட்டை லேசாகத் தூக்கிக் கோரைப்பல்லைத் தொட்டேன். அப்புறம் ஈறு, அதற்கும் பிறகுதான் பிரஷ். திமிறினால் அன்றைக்கு அதோடு விட்டுவிட வேண்டும். அமுக்கிப் பிடித்துத் தேய்த்தால், மறுநாள் பேஸ்ட் டப்பாவைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நாம் தேய்க்கிற பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பூனைக்குத் துப்பத் தெரியாது, ஃப்ளோரைடும் நுரையும் அப்படியே வயிற்றுக்குள் போகும்.

விரலில் மாட்டுகிற சிலிக்கான் பிரஷ் எனக்குத் திருப்தியாக இல்லை. பூனை வாய்க்கு அது தடிமன், கடைவாய் வரை போகாது. தலை சின்னதாக, முடி மிருதுவாக இருக்கிற பிரஷ்தான் இன்று வரை கையில் நிற்கிறது. அது கிடைக்காதவர்கள் விரலில் காஸ் துணியை, அதாவது காயத்துக்குக் கட்டுப் போடும் மெல்லிய துணியை, சுற்றித் துடைக்கலாம்.

வளர்ந்த பூனைக்கு 30 பல். எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டியதில்லை. உள்பக்கத்தைச் சொரசொரப்பான நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம்தான் முக்கியம், அதிலும் மேல் கடைவாய்ப் பற்கள். ஈறும் பல்லும் சேர்கிற கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல்லில் படிகிற மெல்லிய படலம் சில நாட்களிலேயே இறுகிக் காரையாகிவிடும். காரையான பிறகு எந்த பிரஷ்ஷும் எடுக்காது. மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் ஸ்கேலிங் செய்ய வேண்டும். நகத்தாலோ ஊசியாலோ பெயர்த்தால் ஈறு கிழியும்.

தண்ணீரில் கலக்கும் பல் மருந்து எங்கள் வீட்டில் எடுபடவில்லை. அதைக் கலந்ததும் செவலை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டான். சித்திரை வெயிலில் அந்த ஆபத்து வேண்டாம், ஏற்கெனவே பூனைகளுக்குச் சிறுநீர்த் தொந்தரவு சுலபமாக வரும். கிரீனிஸ் பல் பிஸ்கட், விஓஎச்சி என்கிற கால்நடைப் பல் நலக் குழுவின் முத்திரை பெற்றது. ஆனால் இவன் பாதியை மெல்லாமலே விழுங்குகிறான். அதனால் தேய்த்து முடித்ததும் பரிசாகக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். உலர் தீவனம் தின்றால் பல் தானாகச் சுத்தமாகும் என்பதையும் நம்ப வேண்டாம். சாதாரணத் தீவனம் பல் நுனி பட்டதுமே உடைந்துவிடும், ஈறு ஓரத்தைத் தொடாது.

இந்தப் பழக்கத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பலன், பல் வெள்ளையாக இருப்பதைவிட, தினமும் வாய்க்குள் பார்க்கிறேன் என்பதுதான். ஒருநாள் கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றின் அடியில், ஈறு சிவந்து பல் மேல் ஏறியிருந்தது. சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. பூனை வலியைக் காட்டாது, சோற்றை ஒருபக்கமாக மெல்வதும் கீழே நழுவவிடுவதும் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான் தெரியும். கோவையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், உடம்பே பல்லை அரித்துக் கரைக்கும் நோய் என்றார்கள். வளர்ந்த பூனைகளிடம் இது நிறையவே உண்டு, ஏன் வருகிறதென்று இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. தேய்ப்பதால் தடுக்கவும் முடியாது. அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். சில நாளில் பழையபடி சாப்பிட ஆரம்பித்தான். தேய்க்காத வீட்டில் இது எத்தனை மாதம் தெரியாமலே இருந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்போது எங்கள் அம்மாயி, "கிராம்புத் தைலம் தொட்டு வெய்யி சாமி, பட்டுனு கேக்கும்" என்றார். மனிதப் பல்வலிக்குச் சரி. பூனையின் ஈரலால் கிராம்புத் தைலத்தை முறிக்க முடியாது, அது விஷம். பாராசிட்டமால் மாத்திரை அதைவிட மோசம், ஒன்றே உயிரை எடுத்துவிடும். அம்மாயிக்கு எடுத்துச் சொன்னதும் புரிந்துகொண்டார். பக்கத்து வீடுகளுக்கும் இப்போது அவரே சொல்கிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் வாயை மோந்து பாருங்கள். நாற்றம் அடித்தாலோ, ஈறு சிவந்திருந்தாலோ பிரஷ் வாங்க வேண்டாம். புண்ணான இடத்தில் தேய்த்தால் வலிக்கும், பிறகு எப்போதும் வாயைத் தொட விடாது. முதலில் டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஈரோடு, திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டத்தில்தான். எங்கே போனாலும் பல் எக்ஸ்ரே வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.