மால்வேர் பாலிசி தணிக்கைக்கு பவர்ஷெல் ஸ்கிரிப்ட்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

மைக்ரோசாஃப்ட் 365-இல் பல டொமைன்கள் வைத்திருக்கும் நிறுவனத்தில் மின்னஞ்சலைக் கவனிப்பது என் வேலை. எந்த டொமைனுக்கு எந்த மால்வேர் பாலிசி (தீங்கான கோப்புகள் வரும் மெயிலை என்ன செய்வது என்ற அமைப்பு) என்பதை மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் தளமான டிஃபெண்டர் போர்ட்டலில் ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். அதனால் மின்னஞ்சல் சேவையைக் கட்டளைகளால் நிர்வகிக்க உதவும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, வருடக்கணக்கில் அதையே ஓட்டி வருகிறேன்.

கெட்-அக்செப்டட்டொமைன் (Get-AcceptedDomain) என்ற கட்டளை டொமைன்களைத் தரும். ஒரு பாலிசி யாருக்குச் செல்லும் என்பதைச் சொல்வது அதன் ரூல். எந்த ரூல் யாருக்கு, எந்த வரிசையில் என்பதை கெட்-மால்வேர்ஃபில்டர்ரூல் (Get-MalwareFilterRule) சொல்லும். இரண்டையும் பொருத்தி, எதிலும் சேராத டொமைனுக்கு டீஃபால்ட் பாலிசி என்று குறித்தால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரிக்ட் என்று மைக்ரோசாஃப்டே தயாராகத் தரும் ப்ரீசெட் பாலிசிகளின் ரூல்கள் கெட்-மால்வேர்ஃபில்டர்ரூலில் வராது. கெட்-இஓபிபுரொடெக்ஷன்பாலிசிரூல் (Get-EOPProtectionPolicyRule) என்று தனியாகக் கேட்க வேண்டும். முன்னுரிமையோ அவற்றுக்குத்தான்: முதலில் ஸ்ட்ரிக்ட், அடுத்து ஸ்டாண்டர்ட், அப்புறம்தான் நாம் உருவாக்கியவை, கடைசியில் டீஃபால்ட். இதை விட்டுவிட்ட ஸ்கிரிப்டின் அறிக்கையை நம்பவே முடியாது.

ஒரு ரூலில் டொமைனும் குரூப்பும் சேர்ந்திருந்தால், இரண்டுக்கும் பொருந்துகிறவர்களுக்கு மட்டுமே அது செல்லும். டொமைன் பெயர் இருக்கிறதே என்று 'பாதுகாப்பு உண்டு' எனக் குறிக்கக் கூடாது. விதிவிலக்குகளில் இது தலைகீழ்: ஏதாவது ஒன்று பொருந்தினாலே அந்த ஆளுக்கு ரூல் கிடையாது. இப்படிப்பட்ட ரூல்களை என் ஸ்கிரிப்ட் 'பகுதி' என்று மட்டும் காட்டும். நானே உட்கார்ந்து படித்து முடிவு செய்வேன். இந்த வேலையை எந்த ஸ்கிரிப்டிடமும் விடமாட்டேன்.

பாலிசிக்குள், பொதுவான அட்டாச்மென்ட் வகைகளுக்கான வடிகட்டி இயங்குகிறதா, எந்தக் கோப்பு வகைகளைத் தடுக்கிறது, டெலிவரி ஆன பிறகு மால்வேர் என்று தெரிந்த மெயிலைக் குவாரண்டைனுக்கு (தனியே அடைத்து வைக்கும் இடத்துக்கு) நகர்த்தும் ஜாப் (ZAP) வசதி இயங்குகிறதா என்று பார்க்கிறேன். இணைப்புகளைத் தனிச் சூழலில் திறந்து பார்க்கும் சேஃப் அட்டாச்மென்ட்ஸ் சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் ஹெடரை (மெயிலின் தலைப்பு வரியை) சேர்க்கும் மெயில் ஃப்ளோ ரூல்களையும் தேடுங்கள். எப்போதோ ஏதோ ஒரு தேவைக்காகப் போட்டவை, தேவை தீர்ந்த பிறகும் அப்படியே கிடக்கும்.

அனுமதிக்கு, அமைப்புகளைப் படிக்க மட்டும் விடும் குளோபல் ரீடர் ரோல் போதும். தானாக ஓட வேண்டுமென்றால் சான்றிதழ் வழி லாகின் வையுங்கள். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டில் எழுதவே எழுதாதீர்கள்.

ஸ்கிரிப்ட் பார்ப்பது அமைப்புகளை மட்டும்தான். அதனால் டொமைனுக்கு ஒரு சோதனை மெயில்பாக்ஸ் வைத்து, 68 பைட் அளவுள்ள, தீங்கற்ற ஐகார் (EICAR) என்ற ஆன்டிவைரஸ் சோதனைக் கோப்பை வெளியிலிருந்து அனுப்புகிறேன். அது குவாரண்டைனில் விழுந்த பிறகுதான் அந்த டொமைனுக்கு டிக் போடுவேன்.