குரக்கனா, சிவப்பரிசிச் சோறா? சீனி வருத்தம் வந்தபின் எங்கள் வீட்டுத் தெரிவு

சீனி வருத்தம் என்று சொல்லி கிளினிக் கொப்பியைக் கையில் தந்ததும் வன்னியில் ஒருவருக்கு முதலில் கிடைக்கிற புத்திமதி, சோற்றை விட்டுக் குரக்கனுக்கு மாறு என்பதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எங்கே கேட்டாலும் இதே பேச்சு. எனக்கும் சொந்தக்காரர், பக்கத்து வளவுக்காரர், கோயிலடியில் கண்டவர் என்று எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நாங்கள் இரண்டு வழியையும் வீட்டில் செய்து பார்த்துவிட்டு, சோற்றை விடாமல் நெல்லை ஒழுங்காகக் குற்றுவித்து அளவைக் குறைத்துச் சாப்பிடுகிற வழியில் நின்றுவிட்டோம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக வருத்தம் பிடிபட்டவர்கள் கொஞ்சக் காலம் குரக்கனோடு மல்லுக்கட்டி, பிறகு வெறுத்துப்போய் பழையபடி குவித்துச் சோறு போட்டுச் சாப்பிடுவதைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

எந்த வழியில் போனாலும் சீனி போட்ட தேத்தண்ணி, சோடா, பிஸ்கட், பாண் எல்லாம் குறையத்தான் வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை. பனங்கட்டி இயற்கையானது, அதனால் கடிக்கலாம் என்பதும் சரியில்லை, அதுவும் இரத்தத்தில் சீனியாகத்தான் ஏறும்.

குரக்கனின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, அரிசி இதில் கிட்டவும் வராது. நார்ச்சத்தும் தீட்டின அரிசியைவிட நன்றாகக் கூட. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் மாச்சத்தைப் பாருங்கள்: 100 கிராம் குரக்கனில் 70 கிராமைச் சுற்றி, அரிசியில் 80க்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுதான் வித்தியாசம். குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நினைப்பில் நீத்துப்பெட்டி நிறையப் பிட்டு அவித்து, மேலே வாழைப்பழமும் பிசைந்து சாப்பிட்டால் சீனி இறங்காது, ஏறும். இன்னொன்று, நாங்கள் குரக்கனை முழுத் தானியமாகச் சாப்பிடுவதில்லை, மாவாக்கித்தான் சாப்பிடுகிறோம். தானியம் எவ்வளவு மென்மையாக அரைபடுகிறதோ அவ்வளவு கெதியாகச் சமிக்கும், சீனியும் அவ்வளவு கெதியாக ஏறும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகம். விரலில் குத்திப் பார்க்கிற மெசினில், அதே கறியோடு அளவாகச் சாப்பிட்ட சிவப்பரிசிச் சோற்றுக்கும் குரக்கன் பிட்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. இது என் உடம்புக் கணக்கு, மற்றவர்களுக்கு மாறலாம்.

சிவப்பரிசியிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. மாச்சத்து என்று பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பின் நன்மை முழுக்க அந்தத் தவிட்டில் இருக்கிறது. மொட்டைக்கறுப்பன் நெல்லையே கொண்டுபோய்க் கொடுத்தாலும், மில்லில் பளபளவென்று தீட்டித் தந்தால் நீங்கள் சாப்பிடுவது பெயருக்குத்தான் சிவப்பரிசி. அதனால் மில்லில் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். “உமி மட்டும் போனால் போதும் தம்பி, தீட்ட வேண்டாம்” என்றால், “ஒருக்காத் தீட்டினால்தான் அண்ணை வடிவாயிருக்கும்” என்று பதில் வரும். வடிவு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தால் மணியின் மேல் சிவப்புத் தோல் முழுதாக இருக்க வேண்டும், கோடு கோடாக வெள்ளை தெரிந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். நெல்லை அவித்துக் காயவிட்டுக் குற்றினால் இன்னும் நல்லது, பச்சையரிசியைவிடப் புழுங்கலில் சீனி ஏறுவது பொதுவாக மெதுவாக இருக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி கனநாள் வைத்தால் காறல் மணம் வரும், வண்டும் வரும். மூட்டைக் கணக்கில் குற்றாமல் ஒரு மாதத்துக்குக் காணுமளவு மட்டும் குற்றுங்கள். வேகவும் நேரம் எடுக்கும், முதலே ஊறவிட்டால் விறகு மிச்சம்.

சரி, இவ்வளவு பாடுபட்டுச் சோற்றிலேயே நிற்பது ஏன் என்றால், எனக்குத் தீர்ப்புச் சொன்னது அடுப்படி. இந்த வருத்தம் ஒரு மாதத்தில் முடிகிற விஷயம் அல்ல. கிளினிக்கில் எடுக்கிற எச்பிஏ1சி சோதனை கடந்த மூன்று மாதம் அளவில் இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்பதைக் காட்டிக் கொடுக்கும், சோதனைக்கு முதல் வாரம் மட்டும் ஒழுங்காக இருந்து அதை ஏய்க்க முடியாது. அப்படியென்றால் வருடக்கணக்கில் நாளாந்தம் செய்யக்கூடிய சாப்பாடு எது என்பதுதான் கேள்வி. குரக்கன் காலத்தில் எனக்கு வேறாகப் பிட்டு, பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் வேறாகச் சோறு. “உங்களுக்கொரு பானை, எங்களுக்கொரு பானையோ?” என்று மனைவி கேட்டாள், கேட்டதில் பிழையில்லை. விடிய வயலுக்குப் போகிற வீட்டில் இரண்டு தரம் அடுப்பு மூட்ட யாரால் ஏலும்? வேலை கூடின நாட்களில் முதலில் கைவிடப்படுவது நோயாளியின் பானைதான். குரக்கனைக் காசுக்கு வாங்கவும் வேண்டியிருந்தது, நெல்லோ காலபோகத்தில் எங்கள் வயலிலேயே விளைகிறது. இப்போது ஒரே பானை. எல்லாருக்கும் அதே அரிசி, என் கோப்பையில் அளவு மட்டும் வேறு. வீட்டில் மற்றவர்களுக்கும் தீட்டாத அரிசி போய்ச் சேருகிறது, இந்த வருத்தம் குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் அது எனக்குப் பெரிய நிம்மதி.

அளவு எப்படி என்றால், கோப்பையில் பாதி மரக்கறி, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மீதிக் கால் பங்குதான் சோறு. முருங்கையிலை வறை, பயத்தங்காய், பாவற்காய், பொன்னாங்காணி என்று வளவிலேயே பாதிக் கோப்பைக்கு வழி இருக்கிறது. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வராது, அவை சோற்றுப் பக்கம். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்குப் போனால் ஏற்றம் இன்னும் குறையும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் மெசினில் 180 mg/dLக்குக் கீழே நிற்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு, உங்களுக்கு எவ்வளவு என்பதை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுக்கு ஆட்டாமா ரொட்டி என்பவர்களும் இருக்கிறார்கள். கெடுதல் இல்லை, ஆனால் அதுவும் மாதான், எண்ணித்தான் சாப்பிட வேண்டும்.

வயல் வேலை செய்கிறவனுக்கு நடை எதற்கு என்று கேட்பார்கள். விதைப்பும் அறுவடையும் உள்ள நாட்களில் அது உண்மை. மற்ற நாட்களில் உழவு உழவு மெசினுக்கு, வெட்டு வெட்டு மெசினுக்கு, எங்களுக்கு வரம்பில் நிற்பதுதான் வேலை. வாரத்துக்கு 150 நிமிடம் கெதியான நடை என்பது வருடம் முழுக்க வேண்டும். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவுக்குள்ளேயே சுற்றி நடக்கிறேன், யானை வருகிற பக்கங்களில் இருட்டில் றோட்டில் நடக்கச் சொல்ல மாட்டேன். வயலுக்குள் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் வந்ததும் கால் கழுவி அடிப்பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். இந்த வருத்தத்தில் காலில் உணர்ச்சி குறையலாம், முள் ஏறினதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

நான் மெற்போமின் குளிசையோடு மட்டும் இருப்பவன். இன்சுலின் போடுகிறவர்களும் சீனியைக் கீழே இழுக்கிற வேறு குளிசை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், கேட்காமல் செய்யாதீர்கள். குறிஞ்சா இலையும் அப்படித்தான், குளிசையோடு சேர்ந்தால் கூட இறக்கும். சிறுநீரகத்தில் பழுது உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கே வேறு.

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், மேட்டுக் காணியில் குரக்கன் போடுகிறவர்கள், சின்ன வயதிலிருந்தே அந்த ருசியில் வளர்ந்தவர்கள் குரக்கனிலேயே நிற்கலாம். கூழை விட்டுப் பிட்டாகவோ ரொட்டியாகவோ, சீனியும் பனங்கட்டியும் சேர்க்காமல், கறி கூடவாக, கோப்பையில் கால் பங்கு.