"உங்க ஸ்கின் டைப்புக்கு ஏத்த கிட்"னு வாட்ஸ்அப்ல விக்கிறவங்ககிட்ட வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

இன்ஸ்டால ஒரு பேஜ், பேர் சொல்லல, இப்ப அந்தப் பேரே மாத்திட்டாங்க. "கெமிக்கல் இல்லாத ஹோம்மேட் ஸ்கின்கேர், உங்க ஸ்கின் டைப் பார்த்து உங்களுக்குன்னே செஞ்சு தர்றோம்"னு போடுவாங்க, கீழ முன்னாடி பின்னாடி போட்டோ வரிசையா இருக்கும். நான் திருச்சி. இங்க அடிக்கிற வெயிலுக்கு எனக்கு காலைல பத்து மணிக்கே மூக்கு மேல எண்ணெய் வழியும், தாடையில பரு, அது போனா கறுப்புத் தழும்பு. சரின்னு மெசேஜ் போட்டேன். வீடியோ கால்ல வாங்க சிஸ்டர்னாங்க, வந்து கன்னத்தைத் திருப்பு, நெத்தியைக் காட்டுன்னு பார்த்துட்டு "உங்களுது ஆயிலி சென்சிட்டிவ் காம்பினேஷன் ஸ்கின்"னாங்க (மூணையும் சேர்த்துச் சொன்னா ஏதாவது ஒண்ணு சரியா வந்துடும் பாருங்க). கிட் 2,800 ரூபாய். ஜிபே பண்ணேன், கூரியர்ல வந்துச்சு.

உள்ள ஒரு சோப்பு, ஒரு சீரம், ஒரு டே க்ரீம், ஒரு நைட் க்ரீம். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மேல பூப்போட்ட ஸ்டிக்கர், அதுல பேஜ் பேரும் "ஃபார் ஆயிலி ஸ்கின்"னும் மட்டும்தான். சன்ஸ்க்ரீன் கிடையாது. கேட்டதுக்கு "எங்க டே க்ரீம்லயே எல்லாம் இருக்கு டியர்".

இப்ப உண்மையைச் சொல்லணும்ல, முதல்ல சூப்பரா இருந்துச்சு. பரு பொசுக்குனு அமுங்கிடுச்சு, முகம் வழவழன்னு ஆயிடுச்சு, ஆபீஸ்ல எல்லாரும் என்ன போடுறேன்னு கேட்டாங்க. இந்த இடத்துலதான் எல்லாரும் விழுறாங்க. எங்க நாத்தனார் பார்த்துட்டு "அண்ணி எனக்கும் ஆர்டர் போடுங்க"ன்னு கேட்டா, அவளுக்கு நேர் எதிர், குளிச்சா முகம் இழுத்துப் பிடிக்கும், வாய் ஓரம் செதில் செதிலா உரியும். அவளுக்கும் வீடியோ கால் நடந்துச்சு, அவளுக்கும் கிட் வந்துச்சு, "ஃபார் டிரை ஸ்கின்"னு ஸ்டிக்கர்.

ரெண்டு டப்பாவும் ஒரே பாத்ரூம் ஷெல்ஃப்ல இருந்ததால மாட்டிக்கிட்டாங்க. தண்ணி பட்டு அவ டப்பா ஸ்டிக்கர் ஓரம் பிரிஞ்சு வந்துச்சு, இழுத்துப் பார்த்தா அடியில இன்னொரு ஸ்டிக்கர், "ஃபார் ஆயிலி ஸ்கின்". திறந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தோம், அதே வாசனை அதே கலர் அதே பிசுபிசுப்பு. எனக்குன்னே செஞ்சதாம்!

அதுக்குள்ள எனக்கு வேற தலைவலி. ஊருக்குப் போனப்ப நைட் க்ரீம் எடுத்துட்டுப் போகல, போடாம விட்ட கொஞ்ச நாள்லயே முகம் நெருப்பா எரியுது, கன்னமெல்லாம் சிவந்து பொடிப்பொடியா கிளம்புது, அடுப்பு பக்கம் நிக்க முடியல. திரும்பப் போட்டா அடங்குது. அந்தப் பேஜ்ல கேட்டேன். "அது பர்ஜிங் சிஸ்டர், உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது, நிறுத்தாதீங்க, ரெண்டாவது கிட்டுக்கு உங்களுக்கு டிஸ்கவுண்ட் தர்றேன்." பர்ஜிங்னு ஒண்ணு இருக்கு, இல்லங்கல, ரெட்டினால், சாலிசிலிக் ஆசிட் மாதிரி செல்லைச் சீக்கிரம் மாத்துற பொருள் புதுசா ஆரம்பிக்கும்போது வர்றது அது. க்ரீமை நிறுத்தினா எரியும் போட்டா அடங்கும்னா அதுக்குப் பேர் வேற.

ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் முதல்ல கேட்டதே "என்ன க்ரீம் போட்டீங்க, டப்பாவைக் காட்டுங்க"தான். ஸ்டீராய்டு கலந்த க்ரீமா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. மூக்கு ஓரம் நூல் மாதிரி சிவப்பு நரம்பு தெரிஞ்சுச்சு, கன்னத்துல பூனை முடி அதிகமாயிருந்துச்சு, அதெல்லாம் அதோட அடையாளமாம். டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ், அதாவது ஸ்டீராய்டு பூசிக் கெட்டுப்போன முகம்னு இதுக்குப் பேரே இருக்கு, அந்தப் பேரை வச்சதே இந்திய டாக்டர்கள்தான், அந்த அளவுக்கு நம்ம ஊர்ல இது சகஜம். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு எல்லாம் எக்ஸிமா, சொரியாசிஸ்னு தோல் வியாதிக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து. ரத்தக் குழாயைச் சுருக்கி வீக்கத்தை அமுக்கிடும், அதனால பரு அடங்கும், முகம் வெளுத்த மாதிரி தெரியும், ஆனா தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சுடும். 2018ல மத்திய அரசு இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச்ல சேர்த்துச்சு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. இவங்க அதே சமாச்சாரத்தைத்தான் பூ ஸ்டிக்கர் ஒட்டி ஹோம்மேட்னு வித்தாங்கன்னு என் சந்தேகம். திடீர்னு நிறுத்தாம எப்படிக் குறைக்கணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாங்க, உங்ககிட்டயும் இப்படி ஒரு டப்பா இருந்தா நீங்களா ஒண்ணும் பண்ணாதீங்க, டப்பாவோட போய்க் காட்டுங்க.

கூடவே யூரின் டெஸ்ட்டும் எழுதினாங்க. முகத்துக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் முழிச்சேன். இந்த மாதிரி வெள்ளையாக்குற க்ரீம் சிலதுல பாதரசம் இருக்கும், அது தோல் வழியா உள்ள போய் கிட்னியைக் கெடுக்கும், யூரின்ல புரோட்டீன் போகும். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல டாக்டர்கள் இதைக் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் அவங்க பார்த்த 22 மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி (கிட்னியோட வடிகட்டி கெட்டுப்போற வியாதி) கேஸ்ல 15 பேருக்கு அதுல ஒரே குறிப்பிட்ட வகை, அந்த 15 பேர்ல 13 பேர் ஃபேர்னஸ் க்ரீம் போட்டவங்க. நம்ம சட்டப்படி காஸ்மெட்டிக்ஸ்ல பாதரசம் சேர்க்கவே கூடாது, தெரியாம கலந்தாலும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல ஒரு பங்கு) மேல இருக்கக்கூடாது, கண்ணுக்குப் போடுற பொருளுக்கு மட்டும் 70. எனக்கு டெஸ்ட் நார்மல், அன்னைக்குத்தான் தூங்கினேன்.

இதை முன்னாடியே கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாங்க, டப்பாவைத் திருப்பினாலே போதும். 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி தயாரிக்கிறவங்க பேர், அட்ரஸ், பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், எதுக்குள்ள யூஸ் பண்ணணும்ங்கிற தேதி, உள்ள என்னென்ன இருக்குங்கிற லிஸ்ட் எல்லாம் லேபிள்ல இருக்கணும். வீட்ல செய்றோம்கிறதுக்காக விக்கிறவங்களுக்கு விலக்கு கிடையாது. வெளிநாட்டு க்ரீம்னு சொன்னா இங்க இறக்குமதி பண்றவங்க விவரமும் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும் வேணும். பர்மா பஜார்ல கிடைக்கிற சில க்ரீம்ல அரபில மட்டும் எழுதியிருக்கும் பாருங்க, அதையும் கண்ணை மூடிட்டு வாங்காதீங்க.

ஸ்கின் டைப் பார்க்கவும் யாருக்கும் வீடியோ கால் போட வேண்டாம். நுரை அதிகம் வராத சாதா கிளென்சர்ல முகம் கழுவிட்டு ஒண்ணுமே போடாம ஒரு மணி நேரம் சும்மா இருங்க. முழுக்க பளபளன்னா ஆயிலி, இழுத்துப் பிடிச்சா டிரை, நெத்தியும் மூக்கும் மட்டும் மினுங்கினா காம்பினேஷன். சென்சிட்டிவ்ங்கிறது தனி, எதுக்கும் சட்டுனு எரியுற அரிக்கிற தோல், அது ஆயிலியாவும் இருக்கலாம் டிரையாவும் இருக்கலாம். எனக்கு இப்ப டாக்டர் சொன்னது ரொம்ப போரிங், சாதா கிளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சுரைசர், எஸ்பிஎஃப் 30க்கு மேல ஒரு ஜெல் சன்ஸ்க்ரீன், அவ்வளவுதான், முகம் ஆறுற வரைக்கும் நியாசினமைடு, சாலிசிலிக் மாதிரி பருவுக்குப் போடுற சீரம்லாம் தொடவே கூடாது. ஆயிலி ஸ்கின்னுக்கு எதுக்கு மாய்ஸ்சுரைசர்னு நானும் கேட்டேன், தோலோட மேல் தடுப்பே கெட்டுப்போயிருக்கும்மா அதுக்குத்தான்னாங்க. நாத்தனாருக்கு செராமைடு (தோல்ல இயல்பாவே இருக்கிற ஒரு கொழுப்பு), கிளிசரின் இருக்கிற கெட்டியான க்ரீம். ரெண்டு பேருதும் சேர்த்தே அந்த ஒரு கிட் விலை வரல, வயித்தெரிச்சல்.

பணம் திருப்பிக் கேட்டேன், முதல்ல பாசமா பேசினாங்க, அப்புறம் "உங்க உடம்பு சூடு சிஸ்டர், எங்க க்ரீம்ல தப்பில்ல"ன்னாங்க, அப்புறம் பிளாக். ஹஸ்பெண்ட் நம்பர்ல இருந்து பார்த்தா பேஜ் புதுப் பேர்ல ஓடுது, அதே முன்னாடி பின்னாடி போட்டோ, இப்ப "ஆயுர்வேதிக்"காம். நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளெயின்ட் போட்டிருக்கேன், மாவட்ட மருந்து ஆய்வாளர் ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்திருக்கேன், காஸ்மெட்டிக்ஸும் அவங்க கீழதான் வருது. வாங்கினவங்களே ஃபீஸ் கட்டி அரசு பகுப்பாய்வாளர்கிட்ட (லேப்ல டெஸ்ட் பண்றவர்) டெஸ்டுக்குக் கொடுக்கலாம்னும் மருந்து சட்டத்துல 26வது பிரிவு இருக்கு, நான் அதையும் பண்ணப் போறேன். அதனால இதே மாதிரி ரெண்டு ஸ்டிக்கர் டப்பா யார் வீட்லயாவது இருந்தா கோபத்துல குப்பைல போட்டுடாதீங்க, மூடி டேப் ஒட்டி வைங்க, கூரியர் கவர், ஜிபே ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாத்தையும் எடுத்து வைங்க, பிளாக் பண்றதுக்கு முன்னாடி அவங்க மெசேஜை டெலீட் பண்ணிடுவாங்க, எனக்குப் பாதி சாட் அப்படித்தான் போச்சு.