ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

ஜேர்மன் பொலிஸின் பழைய அணிவகுப்பு உடைகளைச் சேர்ப்பவர்கள் எங்கள் ஆட்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தச் சிலரில் ஒருவராவது தப்பட்டும் என்று, 850 யூரோவைத் தொலைத்த கதையை எழுதுகிறேன்.

எண்பதுகளில் அகதியாக இங்கே ஜேர்மனியில் வந்து இறங்கியபோது நான் கண்ட முதல் பொலிஸ்காரர் பச்சைக் கோட்டும் மணல் நிறக் காற்சட்டையும் போட்டிருந்தார். ஹைன்ஸ் ஓஸ்டர்கார்ட் என்ற ஆடை வடிவமைப்பாளர் எழுபதுகளில் வரைந்த உடை அது. சீருடையைக் கண்டாலே கால் நடுங்கிய காலம். அந்த மனிதர் எங்களுக்கு ரயில் மேடையைக் காட்டிவிட்டுப் போனார். பொலிஸ் நீல உடைக்கு மாறிய பிறகு அதே மாதிரிப் பச்சைக் கோட் ஒன்றை 30 யூரோவுக்கு வாங்கினேன். பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

போன வருடம் ஒரு ஞாயிறு பழம்பொருள் சந்தையில் ஒருவர் தன் காரின் பின்கதவைத் திறந்து காட்டினார். 1936 மாதிரி அணிவகுப்புக் கோட். அந்த வருடம் ஜூன் மாதம் நாஸிகளின் எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லர் ஜேர்மன் பொலிஸ் முழுவதற்கும் தலைவரான பிறகு வந்த மாதிரி அது: முன்னால் எட்டுப் பொத்தான், பழுப்புக் கழுத்துப்பட்டி, பழுப்புக் கைமடிப்பு, ஓரமெல்லாம் பளிச்சென்ற பச்சைப் பைப்பிங், அதாவது விளிம்பில் வைத்துத் தைக்கும் மெல்லிய நிறக்கோடு. கூடவே சாக்கோ என்கிற உயரமான தொப்பி, அதன் மேல் செருகச் சிவப்புக் குதிரைமுடிக் குஞ்சம். தாத்தாவின் உடை என்றார். தாத்தா ஒரு கிராமத்துப் பொலிஸ்காரராம், சைக்கிளில் சுற்றிக்கொண்டு யாருக்கும் தீங்கு செய்யாத மனிதராம்.

இந்தத் தாத்தா கதையை மட்டும் யாரும் நம்பாதீர்கள். அந்தப் பொலிஸ் படையணிகள் போலந்தில் என்ன செய்தன என்பது பதிவில் இருக்கிறது. ஹம்பர்க்கிலிருந்து போன 101ஆம் படையணி 1942 ஜூலையில் யூசெஃபுவ் என்ற ஊரில் ஒரே நாளில் ஏறக்குறைய 1500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. இந்தக் கோட்டை ‘வடிவான உடுப்பு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. விற்பவர்களுக்கோ எல்லாத் தாத்தாவும் சைக்கிள் தாத்தாதான்.

கதையை விடுங்கள், கோட்டே பொய் சொன்னது. கிராமப்புறப் பொலிஸான ஜெண்டார்மரிக்குப் பைப்பிங் செம்மஞ்சள். பச்சை என்றால் நகரத்து ஷூட்ஸ்பொலிசை. குஞ்சமும் இடித்தது. சாதாரணப் பொலிஸ்காரருக்குக் கறுப்பு, அதிகாரிக்கு வெள்ளை, சிவப்பு பாண்ட் வாத்தியக்காரருக்கு. வாத்தியக்காரரின் கோட் என்றால் தோளில் பட்டை போட்ட பிறை மாதிரி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லை, தைத்துப் பிரித்த தடமும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் காசை எண்ணிக் கொடுத்தேன். ஆசை கண்ணை மறைத்தது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

கோட்டின் கைப்பகுதியில் தைத்திருந்த, சுவஸ்திக்கா உள்ள கழுகுச் சின்னத்தின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். இங்கே குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி சுவஸ்திக்காவைப் பொதுவில் காட்டினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. அதனால் சந்தையில் ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம்தான். ஆனால் சுவஸ்திக்காவை மறைக்க ஒரு யூரோ நாணய அளவு போதும். இவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டி, சின்னத்தின் ஓரத் தையல் முழுவதையும் மூடியிருந்தார். “இங்கே உரிக்காதீர்கள், இரண்டு பேருக்கும் பிரச்சினை” என்று என் காதருகே வந்து சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வீட்டில் உரித்தபோது என் மனைவி பக்கத்தில் இருந்தா. சேலை பிளவுஸ் தைத்துக் கொடுப்பவ. கண்ணாடியைக் கூடப் போடவில்லை, “இஞ்சப்பா, இது நான் தைக்கிற நூல் அல்லோ?” என்றா. ஒரு நுனியை வெட்டி நெருப்புக்குச்சியில் காட்டினா. பருத்தி நூல் என்றால் எரிந்து சாம்பலாகியிருக்கும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நின்றது, பொலியெஸ்டர். நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைப் பிடித்தேன். கோட் இருட்டாகவே கிடந்தது, சின்னத்தைச் சுற்றி மட்டும் நூல் நீலமாக மின்னியது. சின்னத்தைப் பிரித்தால், அடியில் பழைய ஊசித்துளைகள் வேறொரு வட்டமாக ஓடின. கோட் பழையதுதான். சின்னம் யாரோ போன வருடம் தைத்தது.

தொப்பி இன்னும் மோசம். உள்ளே நெற்றித் தோலைப் புரட்டினேன். சுரண்டியும் முழுதாகப் போகாத முத்திரையில் ‘195’ வரை தெரிந்தது, கடைசி எண் இல்லை. போருக்குப் பிறகும் மேற்கு ஜேர்மனியில் பொலிஸ் சாக்கோ போட்டது, அந்தக் காலத்துத் தொப்பி அது. மாநிலச் சின்னத்தைக் கழற்றிவிட்டு நாஸிக் கழுகைக் குத்தியிருக்கிறார்கள். பயன்படாத இரண்டு துளைகள் உள்ளே கிடந்தன.

விற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “பார்த்த நிலையிலேயே வாங்கியது” என்று பற்றுச்சீட்டில் இருக்கிறதே, பிறகு குறை சொல்ல முடியாது என்றார். உண்மைதான், ‘பழைய சீருடை, ஒன்று’ என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. குறையைத் தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வரி செல்லாது, சிவில் சட்டத்தின் 444ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மறைத்தார் என்று நான் நிரூபிக்க வேண்டும், ஸ்டிக்கரை உரித்து எறிந்ததும் நானே. வருடத்தையும் ‘அசல்’ என்ற சொல்லையும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை வேறு. கடைசியில் 200 யூரோ தருகிறேன், கோட்டைத் திருப்பிக் கொடு என்றார். இன்னொருவர் தலையில் கட்டுவதற்குத்தானே? கொடுக்கவில்லை.

கோட் சின்னமில்லாமல் அலுமாரியில் தொங்குகிறது. தொப்பியிலிருந்து கழுகைக் கழற்றிவிட்டேன். அந்த இரண்டு வெறுந்துளைகளுக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து வைத்திருக்கிறேன், எந்த மாநிலத்துச் சின்னம் பொருந்துகிறது என்று பார்க்க.