மன வரைபடமா, ஸ்கேம்பரா?

வடிவமைப்பு வகுப்பில் யோசனையை வளர்க்க மன வரைபடம் (ஒரு சொல்லிலிருந்து கிளை கிளையாக எண்ணங்களை வரைவது) நல்லதா, ஸ்கேம்பர் (இருக்கும் பொருளைக் கேள்விகளால் மாற்றிப் பார்ப்பது) நல்லதா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். மேசை விளக்குப் பயிற்சியில் இரண்டையும் பயன்படுத்திய மாணவனான என் அனுபவம் இது.

தொடங்க என்ன தேவை?
மன வரைபடம்: வெற்றுத் தாளின் நடுவே ஒரு சொல்.
ஸ்கேம்பர்: ஏற்கெனவே ஒரு பொருளோ அரைகுறை வரைவோ.

புதுமை வருமா?
மன வரைபடம்: 'வெளிச்சம்' என்று எழுதினால் முதல் கிளைகளில் சூரியன், மெழுகுவர்த்தி என எல்லோருக்கும் தோன்றுவதே வரும். கிளைக்குக் கிளை நீட்டிய பிறகுதான் 'நிழல்' கிடைத்தது. சுவரில் கோலமிடும் நிழலுக்காகவே ஒரு விளக்கு என்ற எண்ணம் அதில் பிறந்தது. அவசரக்காரர்கள் அதற்கு முன்பே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.
ஸ்கேம்பர்: கல்வியாளர் பாப் எபர்லே 1971இல் தொகுத்த ஏழு வகைக் கேள்விகள். மாற்றீடு, இணைப்பு, தழுவல், திருத்தம், வேறு பயன், நீக்கம், தலைகீழாக்கம். எனக்குப் பிடித்தது நீக்கம். சுவிட்சை எடுத்துவிட்டால்? மூடியைத் தூக்கினால் எரியும் விளக்கு! தழுவலும் திருத்தமும் பல நேரம் ஒரே விடையில் முடிகின்றன. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம்.

செலவு: இரண்டுக்கும் தாளும் பென்சிலும்தான்.

ஆசிரியரிடம் விளக்க
மன வரைபடம்: மறுநாள் நமக்கே புரியாது.
ஸ்கேம்பர்: கேள்வியும் விடையுமாக இருப்பதால் எளிது.

தலைப்பு மட்டும் கையில் இருந்தால் மன வரைபடம். இருக்கும் பொருளை மேம்படுத்தச் சொன்னாலோ, வரைவு பாதியில் நின்றுவிட்டாலோ ஸ்கேம்பர். நேரம் இருப்பவர்கள் முதலாவதில் ஒரு கிளையைப் பிடித்து இரண்டாவதில் அலசலாம்.